கொடியைக் கும்பிட வேண்டுமா, நின்றால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கொடி ஏற்றும்போது சல்யூட் அடிக்காமல் கையைக் கீழே விட்டபடி நிற்கிறான். ‘சாமிக்கு மட்டும்தான் வணக்கம்னு வீட்டுல சொல்லியிருக்காங்க’ என்கிறான். இது குற்றமா?
– ஓர் ஆசிரியை, ஒட்டன்சத்திரம்

இல்லை. கொடி விஷயத்தில் நம் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். மற்றது, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள கொடி விதித்தொகுப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது.

சட்டம் தண்டிப்பது அவமதிப்பை. பொது இடத்தில் கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, பேச்சாலோ எழுத்தாலோ செயலாலோ இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. எதெல்லாம் அவமதிப்பு என்று ஒரு பட்டியலும் அதிலேயே இருக்கிறது: கைக்குட்டையிலோ மெத்தை உறையிலோ அச்சிடுவது, கொடியின் மேல் எழுதுவது, வேண்டுமென்றே தரையில் படவிடுவது, வேண்டுமென்றே காவி கீழே வரும்படி ஏற்றுவது என்று போகும். சல்யூட் அடிக்காமல் நிற்பது அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

விதித்தொகுப்பு சொல்வது வேறு. கொடி ஏறும்போது அங்கிருப்பவர்கள் எல்லாரும் கொடியைப் பார்த்தபடி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சீருடைப் பணியில் இருப்பவர்கள் உரிய சல்யூட் செய்ய வேண்டும். பொதுமக்களுக்கு அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தனிப் பத்தி உண்டு, உங்கள் பி.டி. சார் அதைத்தான் பின்பற்றுகிறார். மாணவர்கள் மூன்று பக்கமும் வரிசையாக நிற்க, நான்காவது பக்கத்தின் நடுவில் கம்பம். தலைமையாசிரியர், எஸ்.பி.எல். என்னும் பள்ளி மாணவர் தலைவர், கொடி விரிப்பவர் மூவரும் கம்பத்துக்கு மூன்று காலடி பின்னால். வரிசைக்கு வரிசை ஒரு காலடி, அதாவது 30 அங்குல இடைவெளி. கொடி விரிந்ததும் எஸ்.பி.எல். சல்யூட்டுக்குக் குரல் கொடுப்பார். சற்று நேரம் கழித்து மறு உத்தரவு வந்ததும் கை இறங்கும், பிறகு தேசிய கீதம்.

அப்படியானால் பையன் விதியை மீறினானா? விதித்தொகுப்பின்படி முறை தவறினான் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அந்தத் தொகுப்பு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, அரசின் நிர்வாக அறிவுறுத்தல்களின் தொகுப்பு. 2004 ஜனவரி 23-ல், குடிமக்கள் கொடி ஏற்றும் உரிமை பற்றிய நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிவுறுத்தலை வைத்துக்கொண்டு ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது. பையன் நேராக, அமைதியாக நிற்கிறானா? பக்கத்தில் இருப்பவனைச் சீண்டாமல் இருக்கிறானா? அத்தோடு விட்டுவிடுங்கள்.

கொடி என்பது துணி. அதை யாரும் சாமியாக நினைப்பதில்லை. பிறகு மதம் எங்கே குறுக்கே வருகிறது?
– வாசகர், ஆம்பூர்

நீங்கள் நினைப்பதில்லை. ஆனால் நம் மொழியே நினைக்கிறது! ‘கொடியேற்றம்’ என்று சொன்னதும் தமிழருக்கு ஞாபகம் வருவது கோயில் திருவிழாவின் முதல் நாள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29, நாகூரில் கந்தூரி, ஊர்க்கோயிலில் துவஜஸ்தம்பத்துக்கு அபிஷேகம் என மூன்று மதத்துக்கும் அந்தச் சொல் பொது. ஆகவே ‘கொடிக்கு வணக்கம்’ என்று மைக்கில் சொல்லும்போது ஒருவர் காதில் மரியாதை என்றும் இன்னொருவர் காதில் வழிபாடு என்றும் விழுந்தால் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, பள்ளிகளில் கொடிக்கான உறுதிமொழியைக் கைகூப்பி நின்று சொல்ல வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. கைகூப்புவது இந்த மண்ணில் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் உண்டு, கருவறைக்கும் உண்டு. எது எதற்கு என்பது கூப்புகிறவரின் மனதில் இருக்கிறது.

இந்தச் சிக்கல் பழையது. ரோமானிய ஆளுநர் பிலாத்து, பேரரசரின் உருவம் பொறித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். மக்கள் ஆளுநர் இருந்த செசரியாவுக்குத் திரண்டுபோய் ஐந்து நாள் தரையில் விழுந்து கிடந்தார்கள். ஆறாம் நாள் படையினர் வாளை உருவியதும் கழுத்தை நீட்டினார்கள். கடைசியில் பிலாத்துதான் இறங்கி வந்தார், கொடிகள் திரும்பிப் போயின.

நம் காலத்தில் இதை அதிகம் எதிர்கொண்டவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். யாத்திராகமத்தின் ‘விக்கிரகத்தை நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்’ என்ற கட்டளையையும், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் நிறுத்திய சிலையைப் பணிய மறுத்த மூன்று இளைஞர்களின் கதையையும் அவர்கள் கொடிக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். மற்ற கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலானவை அப்படிப் பொருத்துவதில்லை. ஆகவே ‘எங்க தெருவுல இருக்கிற கிறிஸ்தவர்கள் எல்லாரும் சல்யூட் அடிக்கிறாங்களே’ என்பது பதில் ஆகாது.

அமெரிக்கா இதில் பட்டுத் தெரிந்துகொண்டது. சல்யூட் செய்யாத பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கலாம் என்று 1940-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. தொடர்ந்து பல ஊர்களில் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டில், 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. ஜூன் 14 அங்கே கொடி நாள்! இன்னொன்று: அப்போது அமெரிக்கப் பிள்ளைகள் கொடிக்குக் கையை முன்னால் நீட்டித்தான் சல்யூட் செய்தார்கள். பார்ப்பதற்கு நாஜி சல்யூட் போலவே இருந்ததால் 1942 டிசம்பரில் அதை விட்டு, நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாறினார்கள். புனிதம் என்று அடித்துப் பேசப்பட்ட கை அசைவு ஓர் ஆண்டில் மாறிப்போனது. பிலிப்பைன்ஸுக்கு இதே மனமாற்றத்துக்கு 1959 முதல் 1993 வரை ஆயிற்று.

‘கேரள வழக்கு’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அது தேசிய கீதம் பற்றியதுதானே? கொடிக்கு எப்படிப் பொருந்தும்?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

சரியான கேள்வி. அது கீதம் பற்றியதுதான்.

கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் யெகோவாவின் சாட்சிகளான ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 10, 9, 5-ஆம் வகுப்புகளில் படித்தார்கள். காலையில் கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் இது பட்டு, சபையில் பேச்சானது. பிள்ளைகள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. இருந்தும் 1985 ஜூலையில் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் கைவிரித்தார், டிவிஷன் பெஞ்சும் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. இதுவே பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு.

தீர்ப்பின் முடிவை விட அது எழுப்பிய கேள்விகளின் வரிசை முக்கியம். கொடிக்கும் அதே வரிசைதான் பயன்படும். முதல் கேள்வி: இந்த நம்பிக்கை உண்மையானதா, மனசாட்சிப்படி கடைப்பிடிக்கப்படுவதா? அது நீதிபதிக்கு நியாயமாகப் படுகிறதா என்பது பொருட்டே அல்ல. அடுத்தது: பாடு என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதும் உண்டா? 1971 சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் கலைப்பதையும்தான் தண்டிக்கிறது. கல்வித்துறைச் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. கடைசியாக: பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் எதற்காவது கேடு வந்ததா? அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மத உரிமைக்கு அந்த வரம்புகள் உண்டு. மூன்று பிள்ளைகள் வாய்மூடி நின்றதால் ஒரு கேடும் வரவில்லை.

வழக்கு எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். தீர்ப்பு பெரிதும் அந்த நிற்றலின் மேல் நிற்கிறது. உட்கார்ந்துகொள்வது, முதுகைக் காட்டுவது, செல்போனைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் இந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடிக்க முடியாது.

எங்கள் குடியிருப்பில் கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, உச்சியில் மாலை சுற்றி, தேங்காய் உடைத்துத்தான் கொடி ஏற்றுவோம். இந்த ஆண்டு இரண்டு குடும்பங்கள் வர மறுத்துவிட்டன. தேசபக்தி இல்லையா அவர்களுக்கு?
– சங்கச் செயலாளர், தாம்பரம்

கோபப்படாமல் கேளுங்கள், இதில் விதியை மீறியது உங்கள் சங்கம். கம்பத்தின் மேலோ கொடிக்கு மேலாகவோ பூ, மாலை, சின்னம் எதையும் வைக்கக் கூடாது என்பது விதித்தொகுப்பின் வாசகம். கொடிக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது என்பதே அடிப்படை.

பூ வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. விசேஷ நாட்களில் விரிப்பதற்கு முன் கொடிக்குள் பூவிதழ் வைத்து மடிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஒரு பிடி போதும், இதழாக உதிர்த்துப் போடுங்கள். ஈர இதழ் துணியோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பட்டையில் கறை விடும், ஆகவே துடைத்து உலர்த்திய பிறகு மடியுங்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காக இருக்கட்டும். அதிகமாகப் பூவைத் திணித்தால் பொட்டலம் பருத்துச் சுருக்கு இறுகிவிடும். பிரமுகர் கயிற்றை இழு இழு என்று இழுப்பதும், பின்னால் ஒருவர் ஏணி தேடி ஓடுவதும் இதனால்தான். முந்தின நாள் மாலை ஒரு முறை விரித்துப் பாருங்கள், காவி மேலே இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

தேங்காயை உங்கள் பிள்ளையார் கோயிலில் உடைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தடியில் கோலம் போடுங்கள். அந்த இரண்டு குடும்பங்களின் மறுப்பு பூஜைக்குத்தானே தவிரக் கொடிக்கு அல்ல என்பது அடுத்த முறை உங்களுக்கே தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம்.

கிழிந்த கொடியைச் சாமி படங்களைப் போல ஆற்றில் விடலாமா?
– வாசகி, திருவையாறு

கூடாது. கொடி தண்ணீரில் இழுபட விடுவது அவமதிப்புப் பட்டியலில் இருக்கிறது. பிறர் பார்வை படாத தனி இடத்தில், முழுதாக, மரியாதை குறையாமல் அழிக்க வேண்டும். எரிப்பதே சிறந்தது என்கிறது விதி. பொது இடத்தில் எரித்தால் குற்றம், தனியிடத்தில் முறையாக எரித்தால் கடமை என்பது விசித்திரமாகத் தோன்றலாம். எண்ணமும் இடமும்தான் வித்தியாசம். காகிதக் கொடிகளையும் குப்பையில் போடாமல் இப்படியே செய்யுங்கள். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் கொடிகள் பெருகிவிட்டன. அவை எரியும்போது உருகிச் சொட்டும், கையை விலக்கிக்கொள்ளுங்கள்.

கேக்கில் மூவர்ணம் போட்டு வெட்டினால்?
– வாசகர், கோவை

உங்கள் ஊர் வழக்குதான். 2013 கிறிஸ்துமஸ் விழாவில், மூவர்ணமும் அசோகச் சக்கரமும் இட்ட 6 அடிக்கு 5 அடி கேக்கை வெட்டினார்கள். அது அவமதிப்பு ஆகாது என்று 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

மாணவனுக்குச் சரி. தலைமையாசிரியரே ‘என் மதம் அனுமதிக்காது, நான் கொடி ஏற்ற மாட்டேன்’ என்றால்?
– உதவித் தலைமையாசிரியர், அரூர்

இங்கே 1986 தீர்ப்பை அப்படியே தூக்கி வைக்க முடியாது. மாணவன் விழாவில் கலந்துகொள்கிறவன். தலைமையாசிரியர் அதை நடத்தும் பொறுப்பில் இருப்பவர், மறுப்பு நடத்தை விதிகளின் கீழ் துறை நடவடிக்கையாக மாறலாம். கயிற்றை அவரே இழுக்க வேண்டும் என்றில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ அழைத்து விரிக்கச் சொல்லலாம். அதை விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே மேலதிகாரிக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும். ஆகஸ்ட் 14 இரவு லீவு சொல்வதும், அன்று காலை திடீரென்று ஒதுங்கிக்கொள்வதும்தான் செய்தியாகிறது. ராணுவத்தில் இந்த இடைவெளியும் கிடையாது. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

சல்யூட் அடிப்பதில்லை, கீதம் பாடுவதில்லை என்பதற்காக என் மகளுக்கு டி.சி. கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். ஏழாம் வகுப்பு.
– ஒரு தாய், பெயர் வேண்டாம்

வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே வேகம் குறையும். நீங்களும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ‘மகள் எழுந்து அட்டென்ஷனில் நிற்பாள், யாருக்கும் இடையூறு செய்ய மாட்டாள், சல்யூட்டும் பாடலும் மட்டும் இல்லை’ என்று தெளிவாக இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. 17-ஆவது பிரிவு மனரீதியான துன்புறுத்தலைத் தடுக்கிறது. வெயிலில் தனியாக நிறுத்துவதும் அதில் சேரும். டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள், பிறகு ‘பெற்றோர் விருப்பம்’ என்று ஆகிவிடும். அடுத்த படி முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

கொடியிலேயே மத வாசகம் இருந்தால் என்ன ஆகும்?
– மாணவர், கீழக்கரை

சவுதி அரேபியக் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகமான கலிமா எழுதப்பட்டிருக்கிறது. அதனால் எந்தத் தலைவர் மறைந்தாலும் அதை அரைக்கம்பத்தில் இறக்குவதில்லை. 2007 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் அமெரிக்கப் படையினர் பிள்ளைகள் விளையாட ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகளைப் போட்டார்கள். பல நாட்டுக் கொடிகள் அச்சிட்ட பந்துகள், சவுதிக் கொடியும் அதில் ஒன்று. கலிமாவைக் காலால் உதைப்பதா என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள், படையினர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.