உங்கள் மென்பொருளின் பெயரில் வேறொருவரின் விளம்பரம்: யார் மீது வழக்குத் தொடரலாம்?

கேள்வி: நான் ஒரு கணிதப் பயிற்சி மென்பொருளை எழுதி, டொரண்ட் (பயனர்களின் கணினிகளே கோப்பின் துண்டுகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் முறை) வழியாக இலவசமாக வெளியிட்டு வருகிறேன். அண்மைக் காலமாகக் கோப்புப் பகிர்வு வலையமைப்புகளில் அதன் பெயரைத் தேடினால், அதே பெயரில் போலிக் கோப்புகள் பல வருகின்றன. திறந்தால் சூதாட்ட விளம்பரங்கள் தோன்றுகின்றன. சிலவற்றை நிறுவியவர்களுக்கு உலாவியின் முகப்புப் பக்கமே மாறிவிடுகிறது. பயனர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். இதைச் செய்பவர்கள் மீதும், வலையமைப்புச் செயலியை உருவாக்கியவர்கள் மீதும் வழக்குத் தொடர முடியுமா? அந்தக் கணினிகளை முடக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சம்மதிக்காதீர்கள். பிறர் கணினியின் இயக்கத்தை வேண்டுமென்றே தடுப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கை கூறுகிறது. அதில் சேராத பல நாடுகளின் சட்டங்களும் அப்படியே சொல்கின்றன. எதிராளி முதலில் தவறு செய்தார் என்பது இதற்கு விலக்கு ஆகாது. பதிப்புரிமையாளர்கள் இத்தகைய எதிர்நடவடிக்கையில் இறங்கினால் பொறுப்பிலிருந்து பாதுகாக்கும் மசோதா ஒன்று 2002இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டு, நிறைவேறாமல் போனது. 2008 மே மாதத்தில், தன் சொந்த நிகழ்ச்சிகளை டொரண்ட் வழியாகச் சட்டப்படி வெளியிட்டு வந்த ரிவிஷன்3 நிறுவனத்தின் சர்வர்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதைத் தொழிலாகக் கொண்ட மீடியாடிஃபெண்டர் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து பாய்ந்த கோரிக்கைகளால் முடங்கின. முடக்கித் தருவதாகச் சொல்பவர் குறி தவறினால், பிரதிவாதியாக நிற்கப்போவது நீங்கள்.

வழக்கு யார் மீது என்பதற்கு முன், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்பேம் (கேளாமலே வந்து குவியும் விளம்பரம்) தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று பலரும் அதையே நாடுகிறார்கள். அது இங்கே பெரும்பாலும் உதவாது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்படும் வணிகச் செய்திகளைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறையும், கேளாமலே அனுப்பப்படும் மின்னஞ்சல், ஃபேக்ஸ், தானியங்கி அழைப்பு ஆகியவற்றையே குறிவைக்கிறது. கோப்புப் பகிர்விலோ பயனர் தேடுகிறார், அதற்கு ஒரு கணினி பதில் தருகிறது. ‘கேட்டார், கொடுத்தோம்’ என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருக்கிறது.

ஆகவே உங்கள் வழக்குமூலத்தை ஏமாற்றுதலில் நிறுத்துங்கள். நுட்டெல்லா போன்ற, மையச் சர்வர் இல்லாத வலையமைப்புகளில் தேடல் சொல் கணினிக்குக் கணினி கைமாறிச் செல்கிறது. ஸ்பேம் அனுப்புபவரின் கணினி அந்தச் சொல்லையே கோப்பின் பெயராக ஒட்டித் திருப்பி அனுப்பிவிடும். இதைச் சோதிப்பது எளிது: பொருளே இல்லாத எழுத்துக் கோவை ஒன்றைத் தேடிப் பாருங்கள். அந்தப் பெயரிலும் ஒரு கோப்பு வந்தால், பெயர் தானாகவே புனையப்படுகிறது என்பது வெளிப்பட்டுவிடும். பொதுமக்களை ஏமாற்றும் நோக்கத்துக்கு இது வலுவான சான்று. ஆனால் ‘வாதியின் பெயரை நாங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை’ என்ற எதிர்வாதத்துக்கும் இதுவே வழிவிடும். வணிகக்குறி மீறல் வழக்கில் அந்த எதிர்வாதம் அதிகம் எடுபடாது, ஏனெனில் பயனர் குழம்ப வாய்ப்பு உண்டா என்பதே அங்கு முதன்மையான கேள்வி, மீறியவரின் உள்நோக்கம் பொதுவாக இன்றியமையாத கூறு அன்று. பெயரைப் பதிவு செய்திருந்தால் உங்கள் நிலை வலுவானது. பதிவு இல்லாவிட்டால், அந்தப் பெயருக்குப் பயனர்களிடையே நன்மதிப்பு உருவாகியிருப்பதை நீங்கள் நிறுவ வேண்டியிருக்கும். இலவசமாகத் தருகிறீர்கள் என்பதாலேயே நன்மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. அனுமதியின்றி உலாவியின் அமைப்புகளை மாற்றுவது தனிக் குற்றம். அதில் முதன்மையான பாதிக்கப்பட்டவர்கள் உங்கள் பயனர்கள் என்பதால், அவர்களுள் சிலரைப் புகார் அளிக்கச் சொல்லுங்கள்.

செயலியை உருவாக்கியவர்கள் மீது வழக்கு என்பது கடினமான பாதை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் குரோக்ஸ்டர் வழக்கில் பகிர்வு மென்பொருள் நிறுவனங்களுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். பயன்பாடு பெருகப் பெருக அவற்றின் விளம்பர வருவாயும் பெருகியது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஆனால் அந்த வருவாய் மட்டுமே போதாது என்றும், பதிப்புரிமை மீறலைத் தூண்டியதைக் காட்டும் பிற சான்றுகளோடு சேர்த்தே அதற்கு மதிப்பு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வெறும் கருவியைத் தந்தவர், உங்கள் பெயரை வேறொருவர் திருடியதற்குப் பொறுப்பாவது அரிது.

போலிக் கோப்பைப் பரப்பும் ஐபி முகவரிகளை (இணைய இணைப்புகளின் அடையாள எண்களை) துரத்துவதையும் நான் முதல் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். முகவரி ஒரு இணைப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது. அந்தக் கணினியின் உரிமையாளரே ஏமாந்தவராக இருக்கலாம். மேலும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் சொன்னபடி, மாறும் ஐபி முகவரியும் தனிநபர் தரவாகக் கருதப்படக்கூடும். எனவே வழக்குக்குத் தேவையானதற்கு மேல் அவற்றைத் திரட்டிக் குவிக்காதீர்கள். விளம்பரம் கடைசியில் எங்கோ ஒரு தளத்துக்குத்தான் கூட்டிச் செல்கிறது. அனுப்பியவருக்குத் தரகு சேரவேண்டும் என்பதற்காக அந்த இணைப்பில் பெரும்பாலும் ஒரு முகவர் குறியீடும் இருக்கும். அந்தத் தளம், அதற்கு இடம் அளித்த நிறுவனம், விளம்பர வலையமைப்பு ஆகியோருக்கு முகவரி உண்டு, வங்கிக் கணக்கும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் அங்கேதான் போக வேண்டும்.

சான்று திரட்டும்போது கவனம் தேவை. டொரண்ட் செயலி பதிவிறக்கிக்கொண்டே பிறருக்குப் பதிவேற்றவும் செய்யும். அக்கறையின்றி இறக்கினால் போலிக் கோப்பைப் பரப்பியவராக நீங்களே ஆவீர்கள். தனிக் கணினியில், பதிவேற்றத்தை நிறுத்திவைத்து, திரைப் பதிவோடும் தேதி நேரத்தோடும் செய்யுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் ஏதேனும் கண்ணில் பட்டால் அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள். சான்றுக்காக என்று பிரதி எடுத்து வைத்திருப்பதும் குற்றமாகலாம்.

உங்கள் அசல் வெளியீட்டின் ஹாஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை) உங்கள் தளத்தில் உடனே வெளியிடுங்கள். டொரண்டின் ஒவ்வொரு துண்டும் ஹாஷ் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுவதால், உங்கள் டொரண்டுக்குள் பிறர் விளம்பரத்தைச் செருக முடியாது. வேறு ஹாஷ் உடைய கோப்பு உங்களுடையது அன்று என்பதைப் பயனருக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரே வரியில் காட்டிவிடலாம்.

இணையச் சேவை நிறுவனங்களும் விளம்பர வலையமைப்புகளும் பதிவேடுகளைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. ஆகையால் இழப்பீடு கேட்கும் நோட்டீஸுக்குக் காத்திராமல், தொடர்புடைய பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கக் கோரும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, ஹாஷ் எண்களோடும் திரைப் பதிவுகளோடும் உங்கள் பகுதி வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.