பணம் வாங்குகிற பையனைத் திட்டலாமா?

(அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லூரி விளையாட்டைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குக்கு 20 வயது. வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறானாம். போன சனிக்கிழமை மூன்று தடவை பந்தை எதிரணியின் கையில் எறிந்தான். ஆன்லைனில் நாலு வார்த்தை எழுதினேன். "சின்னப் பையன், விடுங்கள்" என்கிறாள் மனைவி. சம்பளம் வாங்குகிறவனை விமர்சிக்கக் கூடாதா? — டெக்சாஸ் வாசகர்

அந்த நாலு வார்த்தை என்ன என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதைப் பொறுத்துத்தான் என் பதில்.

"மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்) அவசரப்படுகிறான், எதிரணியின் கடைசிக் காவல்காரனான சேஃப்டி எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதே இல்லை" என்று எழுதியிருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஒரு காலத்தில் இதைக்கூடச் சொல்லக் கூசியது. 2014-இல் கனெக்டிகட் பல்கலையின் ஷபாஸ் நேப்பியர், தேசிய சாம்பியன் ஆன பாஸ்கெட்பால் வீரர், சில இரவுகள் பசியோடு படுத்ததாகச் சொன்னார். அவர் எண் போட்ட பனியன் கடைகளில் விற்றது, அவருக்கு ஒரு காசு கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் "ஒழுங்காக ஆடு" என்று அதட்ட நமக்கு என்ன உரிமை இருந்தது?

இன்றைக்கு நிலைமை வேறு. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், அடையாளத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று, கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பான என்.சி.ஏ.ஏ. விட்டுக்கொடுத்தது. என்.ஐ.எல். என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அடுத்த மாதமே பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஸ்காலர்ஷிப் மட்டும் வாங்கின காலத்தில் கொடுத்த மன்னிப்பை இப்போதும் கேட்டால் நானும் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பணத்துக்கு எதை வாங்கினோம்? பயிற்சிக்கு நேரத்துக்கு வருவது, வீடியோ போட்டுப் பார்த்து எதிரணியைப் படிப்பது, உடம்பைப் பார்த்துக்கொள்வது, பொது இடத்தில் ஒழுங்காக நடப்பது. இவற்றில் குறை வைத்தால் கேளுங்கள். வெற்றியை யாரும் விற்கவில்லை, அதனால் நீங்களும் வாங்கவில்லை. அவன் அம்மாவின் பக்கத்தில் போய் எழுதுவது, "உன் காலை உடைக்கிறேன்" என்று செய்தி அனுப்புவது, இதெல்லாம் எந்தச் சம்பளத்திலும் சேராது. 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி கொடுக்கலாம் என்று வழிவிட்டதிலிருந்து இந்த வசவுகளுக்குப் பின்னால் பல நேரம் தோற்ற பணம் இருக்கிறது. தனி வீரர் எத்தனை கெஜம் எடுப்பார் என்பது போன்ற பந்தயங்களைத் தடை செய்யுங்கள் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் மாநிலங்களைக் கேட்டார். ஓஹையோ 2024-இல் செய்தது. நீங்கள் சனிக்கிழமை பந்தயம் ஏதும் கட்டவில்லையே? சும்மா கேட்டேன்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. என் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே பதினோரு பேர் நிற்கிற நிலையைப் பார்த்து ஒரு நொடியில் ஆட்டத்தைக் கணிக்கிற லைன்பேக்கர் (தடுப்பு ஆட்டக்காரன்), தேர்வு அன்றைக்கு வெளியூர் ஆட்டம் இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் எழுதத் தெரியாமல் முழிப்பான். இன்னொருத்தன் மைதானத்தில் அடிதடிக்குப் போகிறவன், வகுப்பில் தம்பி தங்கைகளை வளர்த்த பொறுப்போடு பக்கத்துப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். முதிர்ச்சி என்பது ஒரே ஆளிடம் ஒரு பக்கம் பழுத்து ஒரு பக்கம் காயாக இருக்கும். பணம் அதைச் சீக்கிரம் பழுக்க வைத்து நான் பார்க்கவில்லை. தினமும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தியது பழுக்க வைத்தது. எங்கள் பல்கலையில் விளையாட்டுத் துறை ஆள் ஒருவர் கையில் அட்டையோடு வகுப்பு வாசலில் நின்று யார் வந்தார்கள் என்று குறித்துக்கொண்டு போவார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சிறைக்கூடமா இது? அப்புறம் பார்த்தால் அந்த ஆளுக்குப் பயந்து வந்த சில பேர், மூன்றாவது மாதம் அவர் வராத நாளிலும் வந்தார்கள். எல்லாரும் அல்ல.

கேள்வி: கல்லூரியில் ஆடுகிற எல்லாருக்குமா லட்சக்கணக்கில் கிடைக்கிறது? — இலினாய் வாசகி

இல்லை. என்.சி.ஏ.ஏ.வின் கீழ் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். 2025-26-இல் ஒரு பல்கலை நேரடியாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதுவும் சமரசத்தில் சேர்ந்த பல்கலைகளுக்குத்தான், அவற்றிலும் எல்லாருக்கும் அவ்வளவு கொடுக்க வசதி கிடையாது. பெரிய பல்கலைகள் பலவற்றில் அதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது. நீச்சல்காரருக்கும் கோல்ஃப்காரருக்கும் ஒன்றுமே வராமலும் போகும். அப்புறம், நீங்கள் செய்தியில் பார்க்கிற தொகை பெரும்பாலும் ஏஜென்ட் வாய் வழியாக வந்தது.

கேள்வி: இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அடுத்த பல்கலைக்கு ஓடிவிடுகிறார்கள். சொன்ன சொல், விசுவாசம் எதுவும் கிடையாதா? டென்னசியின் குவாட்டர்பேக்காக இருந்த நிகோ யாமலேயாவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். — டென்னசி வாசகர்

எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் இருக்கும்போதே அவருக்குச் சுமார் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. 2024 சீசனில் அணியைப் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கிற சுற்று) வரை கொண்டுபோனார். 2025 ஏப்ரலில் தொகையைக் கூட்டிக் கேட்கிறார் என்று பேச்சு அடிபட்டது. ஒரு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் கோச் ஜோஷ் ஹைப்பல் "இனி அவர் இல்லாமலே போகிறோம்" என்று சொல்லிவிட்டார். யாமலேயாவா லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிற யு.சி.எல்.ஏ. பல்கலைக்குப் போனார், டென்னசியில் வாங்கியதைவிடக் குறைவுக்கு என்று அப்போது எழுதினார்கள்.

கூடக் கேட்டதில் எனக்குக் குறை இல்லை. யார்தான் கேட்பதில்லை? பயிற்சிக்கு வராமல் இருந்துதான் கேட்டார் என்றால், அங்கே இடிக்கிறது. அன்றைக்கு மற்றவர்கள் வந்து நின்றார்களே, அவர்களுக்கும் அவருக்கும் தகராறு கிடையாது. ஹைப்பல் செய்ததும் சரி. பொறுப்புக் கேட்பது என்றால் இப்படித்தான்: கூச்சல் இல்லாமல், அன்றைக்கே, விலை கொடுத்து. அவரும் ஒரு குவாட்டர்பேக்கை இழந்தாரே.

ஆனால் இந்தக் கேள்வியை எப்போதும் பையன்களைப் பார்த்து மட்டும் கேட்கிறோம். 2021-இல் கோச் பிரையன் கெல்லி, தன் நோட்டர் டேம் அணி 11 வெற்றி, 1 தோல்வியோடு பிளேஆஃபுக்கு இன்னும் வாய்ப்பு வைத்திருந்த நேரத்தில், லூசியானா மாநிலப் பல்கலைக்கு (எல்.எஸ்.யு.) போய்விட்டார். அவருக்கு அப்போது அறுபது வயது. விசுவாசம் கற்றுக்கொள்ள நேரம் போதவில்லை போலிருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலை 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். வேலை சரியில்லை என்று அனுப்பப்பட்டதற்கு! 19 வயதுக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜேடன் ரஷாடா என்கிற குவாட்டர்பேக்குக்கு ஃபுளோரிடாவில் 1 கோடியே 38 லட்சம் டாலர் ஒப்பந்தம் பேசினார்கள். கையெழுத்தான சில வாரத்தில் அது ரத்தாகிவிட்டது. 2024-இல் கோச் பில்லி நேப்பியர் உள்ளிட்டவர்கள் மேல் வழக்குப் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகஸில் இருக்கிற யு.என்.எல்.வி. பல்கலையின் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்லூக்கா, அணி மூன்று ஆட்டமும் ஜெயித்திருந்தபோது பாதியில் விலகினார். வாயால் சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை என்றது பல்கலை. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒரு லட்சம் டாலரைப் பற்றி எழுத்தில் ஒரு வரிகூடக் காட்ட முடியவில்லை என்பது ஒன்றே போதும். அந்தப் பேச்சில் இருந்த பெரியவர்களுக்கு வயது எத்தனை?

ஆகவே தயவுசெய்து விசுவாசம் என்ற சொல்லை விட்டுவிட்டு ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு வாருங்கள். எத்தனை காலம், எப்போது விலகலாம், விலகினால் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்கிறவர் தவறினால் என்ன. இந்த நாலும் எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் சீக்கிரம் வளரும். இப்போது பல பல்கலைகள் விலகல் தொகையை எழுதத் தொடங்கியிருக்கின்றன. நல்லது.

கேள்வி: டீச்சர், என் மகள் வாலிபால் ஆடுகிறாள். உடற்பயிற்சி உடை விற்கிற ஒரு நிறுவனம் வீடியோக்களுக்காகப் போன வருஷம் 9,000 டாலர் கொடுத்தது. எல்லாவற்றையும் செலவழித்துவிட்டாள். இப்போது வரி கட்ட வேண்டும் என்று காகிதம் வந்திருக்கிறது. நாங்களே கட்டிவிடலாமா? — ஓஹையோ வாசகி

கட்டாதீர்கள்.

ஒரு பையன் இதே காகிதத்தை, கொடுத்த பணத்தை வரித்துறைக்குக் காட்டுகிற 1099 படிவம், என் அறைக்குக் கொண்டுவந்து "புள்ளியியல் டீச்சர்தானே, இது என்ன?" என்று கேட்டிருக்கிறான். நிறுவனம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தது என்று நினைத்திருக்கிறான். விளம்பரப் பணத்தில் யாரும் பிடிப்பதில்லை. உங்கள் மகள் சட்டத்தின் கண்ணில் சுயதொழில்காரி. அவளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் மத்திய வருமான வரி வராமலே போகலாம். ஆனால் 15.3 சதவீத சுயதொழில் வரி வரும். அது முழுத் தொகைக்கும் அல்ல, அதில் சுமார் 92 சதவீதத்துக்கு மட்டும், ஆகவே 9,000-க்குச் சுமார் 1,270 டாலர். வீடியோவுக்குப் பதிலாக இலவசமாக வந்த உடைகளின் விலையும் வருமானம்தான், அதையும் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கேமரா போல அந்த வேலைக்கென்றே வாங்கிய பொருள் இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

கையில் இல்லையென்றால் வரித்துறையிடம் தவணை கேட்கலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவளே விண்ணப்பிக்கட்டும். கோடையில் வேலை செய்து அடைக்கட்டும். அதற்கு முந்தின வருஷம் வரியே இல்லாதவர்களுக்குக் காலாண்டு முன்வரி கட்டாத அபராதம் பொதுவாக இருக்காது. அடுத்த வருஷம் அந்தச் சலுகை கிடைக்காது, வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வருமானத்தைப் பார்த்துத் தருகிற கல்வி உதவித்தொகை இருந்தால் இந்த 9,000 அதைக் குறைக்கவும் கூடும்.

ஏஜென்ட் இருக்கிறாரா? தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். வீரர்களின் ஒப்பந்தத்தில் ஏஜென்ட் கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதற்கும் அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால் அவரோடு போட்ட காகிதத்தை நீங்களும் அவளும் உட்கார்ந்து ஒரு தடவை வாசியுங்கள். வாசிப்பது மட்டும், கையெழுத்து அவளுடையது.

கேள்வி: வகுப்புக்கு வராத வீரருக்குச் சம்பளத்தில் பிடித்தால் என்ன? — மிச்சிகன் வாசகர்

பயிற்சிக்கு வராவிட்டால் பிடியுங்கள். வகுப்புக்கு வேண்டாம். படிப்புக்கு ஏற்கெனவே தண்டனை இருக்கிறது: மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கு வேண்டியதில் 40 சதவீதம் முடித்திருக்காவிட்டால் ஆட முடியாது. அந்த விதியைப் பெரியவர்கள் ஓட்டை போடாமல் இருந்தாலே போதும். வட கரோலைனா சேப்பல் ஹில்லில் வகுப்பே நடக்காத பாடங்கள் 18 ஆண்டு ஓடின. 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2014-இல் விசாரணை அறிக்கை எல்லாவற்றையும் சொன்னது. மற்ற மாணவர்களும்தான் சேர்ந்தார்கள், ஆகவே வீரர்களுக்கான தனிச் சலுகை என்று நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி 2017-இல் என்.சி.ஏ.ஏ. பல்கலையைத் தண்டிக்காமல் விட்டது. ஆசிரியராக இருந்தவள் என்பதால் இது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

கேள்வி: என் அக்கா மகன் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்திருக்கிறான். ஒரு ராக்கெட் நிறுவனம் இன்ஸ்டாகிராம் பதிவு ஒன்றுக்கு 2,000 டாலர் தருகிறதாம். கோச் "எல்லாரும் செய்கிறார்கள், போடு" என்கிறாராம். — நியூ ஜெர்சி வாசகர்

போட வேண்டாம். "எல்லாரும்" என்கிற அந்தப் பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாக இருப்பார்கள். எஃப்-1 விசாவில் வந்தவர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்தால் விசா நிலையே போய்விடும். பர்டியூவின் ஜாக் ஈடி நாட்டிலேயே சிறந்த கல்லூரி பாஸ்கெட்பால் வீரர் என்று பெயர் வாங்கினார். கனடாக்காரர், மாணவர் விசா. அதனால் மற்ற நட்சத்திரங்கள் சம்பாதித்ததுபோல அவரால் இங்கே சம்பாதிக்க முடியவில்லை.

விசா விஷயத்தில் கோச் சொல்வது அனுமதி ஆகாது. பல்கலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும், முடிந்தால் குடிவரவு வழக்கறிஞரிடமும். அதுவரை பொறுத்திருக்கும்படி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். அதை அவனே எழுதட்டும், மாமா எழுத வேண்டாம்.