பாரபட்சம் என்பதும் தப்பெண்ணம் என்பதும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. ஆனால் கேட்டவர் குழம்பியதில் வியப்பும் இல்லை. பாரபட்சம் என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் போட்டு வெளுத்துவிட்டோம். நடுவர் ஒரு அணிப் பக்கம் விசில் ஊதினால் அதுவும் பாரபட்சம். இன்ன சாதிக்காரருக்கு வீடு இல்லை என்றால் அதுவும் பாரபட்சம். எனவே இந்தப் பதிலில் முதல் வகையைச் 'சாய்வு' என்கிறேன். நடுவுநிலைமைக்குத் தராசுக்கோலைக் காட்டி 'ஒருபால் கோடாமை' என்றவர் வள்ளுவர். கோடுவது என்றால் சாய்வதுதான். இரண்டாவது வகைக்குத் தப்பெண்ணம் என்ற சொல்லே போதும்.

நான் பாம்பன்காரன். அப்பா வத்தை என்ற நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். இந்த வேறுபாட்டை மீன் இறங்கும் இடத்தில் நின்று கற்றுக்கொண்டதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

கரையில் ஒரு தராசு இருக்கிறது. யார் கூடையை வைத்தாலும் 200 கிராம் கூட்டிக் காட்டுகிறது. தராசுக்கு யார் மேலும் பகை கிடையாது. அது சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். படிக்கல்லை வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் 200 கிராமைக் கழித்துக்கொண்டு அதே தராசில் வியாபாரத்தைத் தொடரலாம். இப்போது தராசு ஒழுங்காக இருக்கிறது என்று வையுங்கள். வாங்குகிறவர் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் கூடை கொண்டுவந்த பெண்ணைப் பார்க்கிறார். "அந்தத் தெருவா? ஐஸ் தண்ணீரை வடிக்காமல்தான் கொண்டுவந்திருப்பார்கள்" என்கிறார். இது தப்பெண்ணம். அதை நம்பிக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தாரானால் அதற்குப் பாகுபாடு என்று பெயர். மனத்தில் இருக்கும்வரை தப்பெண்ணம், கைக்கு இறங்கிவிட்டால் பாகுபாடு.

கடலில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் உண்டு. நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். நீவாடு இழுக்கும் பக்கத்தைப் பார்த்து, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தே படகை ஓட்டுவார்கள். நீவாட்டை யாரும் திட்டிக்கொண்டிருப்பதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தெரியாமல் ஓட்டுகிறவன்தான் வேறு ஊரில் போய்க் கரையேறுவான்.

அப்படி வேறு ஊரில் கரையேறியவன் நான். படிப்பு முடிந்ததும் ஒரு ஆய்வுத் திட்டத்துக்காக மீன்பாடு கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. விசைப்படகுகள் திரும்பும் காலைகளில் கரை திருவிழாபோல இருக்கும். இறால் ஒரு பக்கம், காரல் ஒரு பக்கம், கோழித்தீவனத்துக்குப் போகிற சங்காயம் மலைபோல ஒரு பக்கம். ஒரே காலையில் நோட்டு நிரம்பிவிடும். நானும் அந்தக் காலைகளாகப் பார்த்துப் போனேன். வஞ்சகம் ஒன்றுமில்லை, பஸ் செலவுக்கு அதுதான் கட்டுப்படியானது.

மூன்று மாதம் கழித்து என் அட்டவணையைப் பார்த்த மேற்பார்வையாளர், "தம்பி, உங்கள் ஊரில் நாட்டுப்படகே கிடையாதா?" என்று கேட்டார். நண்டுவலை நண்டு இல்லை. தூண்டிலில் வரும் பாறையும் சீலாவும் பெயருக்கு நாலைந்து வரி. வத்தைக்காரர் மகன் போட்ட கணக்கில் வத்தையே இல்லை! எனக்கு நாட்டுப்படகின் மேல் வெறுப்பா? அந்தப் படகுதான் எனக்குச் சோறு போட்டது. சாய்வுக்கு வெறுப்பு தேவையில்லை என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

திருத்தியதும் எளிதாகத்தான் இருந்தது. நாள்களையும் இடங்களையும் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, வந்த நாளில் வந்த இடத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் கடல்மீன் பிடிப்பை மதிப்பிடுவதும் இதன் பெரிய வடிவில்தான். எல்லாக் கரையிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் இடத்தையும் நாளையும் ஆளின் வசதிக்கு விடாமல் வாய்ப்புமுறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். என் சாய்வு ஒரே மாலையில் சரியாகிவிட்டது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது, வேறு நட்டமில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் கூச்சம். கடல்பாசி எடுக்கும் பெண்களையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார் மேற்பார்வையாளர். தீவுகளைச் சுற்றி மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எடுக்கிறவர்கள். முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். இரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்கள். நான் உடனே, "அவர்களிடம் கேட்டுப் பயனில்லை சார், வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள்" என்றேன். எந்தப் பெண்ணும் என்னிடம் அப்படிப் பொய் சொன்னதில்லை. நான் அவர்களிடம் எதையும் கேட்டதே இல்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் பாசி எடுப்பவர்கள் இருக்கும் சின்னப்பாலம் என்ற ஊருக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஆத்தா பிளாஸ்டிக் பையிலிருந்து வியாபாரி கொடுத்த சீட்டுகளை எடுத்துப் போட்டார். வாரவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். நான் கூட்டிப் பார்த்தேன். அவர் வாயால் சொன்ன எடையோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போனது. இந்த இடத்தில் என் மனம் செய்த வேலைதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். 'நம் எண்ணம் தவறு' என்று அது சொல்லவில்லை. 'இந்த ஆத்தா மட்டும் ஒழுங்கு' என்றது. 2015இல் அதே சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு தந்ததைப் படித்துப் பெருமைப்பட்டவன்தான் நான். அவரையும் 'அவர் வேறு' என்று ஓரமாக உட்கார வைத்திருந்தேன்.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் தப்பெண்ணத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைப் பிடித்திருக்கிறார். முன்கூட்டி எண்ணுவது எல்லோரும் செய்வதுதான்; புதிய விவரம் கண்முன் வந்தபின்னும் மாற மறுக்கும்போதுதான் அது தப்பெண்ணம் ஆகிறது என்கிறார். விதிவிலக்கு என்று ஒருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வேலியைத் திரும்ப அடைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். தப்பெண்ணம் நல்லெண்ணமாகவும் இருக்கலாம்: 'நம் ஊர்க்காரன் ஏமாற்ற மாட்டான்' என்பதும் பார்க்காமல் எழுதிய தீர்ப்புதான். சீட்டு கட்டி ஏமாந்தவர்களைக் கேளுங்கள்.

சாய்வும் தப்பெண்ணமும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுரையில் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். ராமநாதபுரம் கடற்கரை என்றதும் முகம் மாறியது. "அந்தப் பக்கம் கடத்தல் அதிகமாயிற்றே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாதிவரைக்கும். எங்கள் கரையைப் பற்றி அவருக்கு வரும் செய்தி தங்கம் பிடிபட்டது, மீனவர் கைதானார் என்பதுதான். வலையை விரித்து நண்டு பிரித்துவிட்டுத் தூங்கப்போன ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிச் செய்தி போட மாட்டார்கள். சட்டென்று நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும் என்று உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1974இல் எழுதினார்கள். அதுவரை அவருடையது சாய்வு. திருவிழாக் காலைகளில் மட்டும் கரைக்குப் போன என் நோட்டைப் போன்றது. நான் செய்யும் வேலையைச் சொன்னேன், மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணும் கொடுத்தேன். வீட்டுக்காரர் சிரித்தபடி, "உங்களைப் பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஊரிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் வருவார்களே" என்றார். அந்த வரியில் வேலி அடைபட்டது. எனக்குக் கோபம் வந்தது. படி இறங்கும்போது சின்னப்பாலத்து ஆத்தாவின் பிளாஸ்டிக் பை நினைவுக்கு வந்தது, கோபம் பாதியாகிவிட்டது.

நோட்டைத் திருத்தியதுபோல, பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய என் எண்ணத்தை ஒரே மாலையில் திருத்த என்னால் முடியவில்லை. எட்டாவது, ஒன்பதாவது வீட்டின் சீட்டையும் கூட்டிப் பார்த்தபின்தான், விதிவிலக்கு என்று ஒதுக்க எனக்கு ஆள் தீர்ந்துபோனது.

கடைசியாக அந்த ஆத்தா வீட்டுக்குப் போனபோது, அட்டவணையில் பாசிக்குத் தனிப்பத்தி போட்டிருப்பதைக் காட்டினேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை என்றார். "ஏன் ஆத்தா, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன்.

"நீ வத்தைக்காரர் மகன்தானே? உங்கள் ஆட்களுக்குக் கணக்கு எங்கே ஒழுங்காக வரும்!" என்றார்.