அகதா கிறிஸ்டியின் புவாரோ நாவல்களில் ஒரே கதையமைப்பு திரும்பத் திரும்ப வருவது ஏன்?

ஒரு தொடரின் கதைகள் பலவற்றுக்கும் பொதுவாக அமையும் எலும்புக்கூட்டையே கதை வார்ப்பு என்கிறோம். 1920 முதல் 1975 வரை வெளிவந்த, புவாரோ என்னும் துப்பறிவாளர் வரும் நாவல்கள் பலவற்றில், பனியில் சிக்கிய ரயில், நைல் நதிக் கப்பல், நாட்டுப்புற மாளிகை என வெளியாள் எளிதில் நுழைய முடியாத இடத்தில் கொலை நிகழ்கிறது. முடிவில் சந்தேகத்துக்குரிய அனைவரையும் ஒன்றுகூட்டிப் புவாரோ உண்மையை விளக்குகிறார். நஞ்சும் அடிக்கடி வருகிறது. முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி மருந்தகத்தில் பணியாற்றியவர்.

சந்தேக வட்டம் குறுகியிருந்து, தடயங்கள் கண்முன்னே கிடந்தால்தான் வாசகரும் நியாயமாகப் போட்டியிட முடியும் என்பதே இதன் அடிப்படை. சதுரங்கப் பலகை மாறாததால்தானே ஆட்டக்காரரின் நுட்பம் தெரிகிறது!

வார்ப்பு பிடிபட்டால் கொலையாளியும் பிடிபடுவார் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால், என் வாசிப்பில், அந்த எதிர்பார்ப்பையே கிறிஸ்டி தம் பொறியாக்குகிறார்.