கடைசியாக எப்போது வந்தது என்று யாருமே கேட்கவில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. ராத்திரியில் வியர்வை, படபடப்பு, தூக்கமே இல்லை. இது மெனோபாஸா? வீட்டில் எல்லோரும் "மனப்பிரமை" என்கிறார்கள். உண்மையா? இது எத்தனை நாளைக்கு இருக்கும்?

பதில்:

மனப்பிரமை இல்லை சகோதரி. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டுத்தான், திருத்த வேண்டிய விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 53. டாக்டர் இல்லாதவள் உடம்பைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு நடந்ததையும் என்னைப் பார்த்த டாக்டர் புரியவைத்ததையும்தான் எழுதுகிறேன். மருந்து எதையும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லப் போவதில்லை.

உங்கள் வீட்டு நிலவரம் ஓரளவு எனக்குப் புரிகிறது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருக்கும். காலையில் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், வயதானவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டு, காலையில் தோசை கருகினால் "உனக்கு ஏன் இப்படிக் கோபம் வருது" என்று ஒரு பேச்சு வேறு கேட்க வேண்டியிருக்கும்.

எனக்கு 47ல் ஆரம்பித்தது. முதலில் பீரியட்ஸ் முறை தப்பியது. ஒரு தடவை இருபது நாளிலேயே வந்துவிடும், அதுவும் கொட்டித் தீர்க்கும். அப்புறம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஒரே ஒரு டாய்லெட், அதன் சாவி ஆபீஸ் ரூமில் தொங்கும். அதிகமாகப் படுகிற நாட்களில் ஆண் கிளார்க்கிடம் போய்ச் சாவி கேட்டு வாங்கிய அவஸ்தையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் சூடு. ஒன்பதாம் வகுப்பில் மத்தியானம் பிதாகரஸ் தேற்றம் போட்டுக்கொண்டிருப்பேன். நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்துக்கு ஏறும், காது மடல் வரைக்கும் எரியும். குப்பென்று வியர்த்து ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்துவிடும். சாக்பீஸ் விரலில் வழுக்கும். முன் பெஞ்சுப் பிள்ளை "மிஸ், உடம்பு சரியில்லையா மிஸ்?" என்று கேட்கும். சில நிமிஷம்தான், அது இறங்கியதும் நனைந்த துணியோடு உடம்பு சில்லென்று நடுங்கும்.

ராத்திரியில் அதே அனல் படபடப்போடு வரும். ஒரு நாள் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் இதயம் அடிக்கிற அடி காதில் கேட்கிறது. வீட்டுக்காரர் பயந்துபோய் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஈசிஜி, எக்கோ, எல்லாம் நார்மல். "கேஸ்தான், கொஞ்சம் டென்ஷனைக் குறைச்சுக்கங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இதயத்தைப் பார்த்தது தப்பே இல்லை. படபடப்பு வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, வேறு என்ன என்று யோசிக்க அங்கே ஆள் இல்லை.

அடுத்து இடது தோள் இறுகிப்போனது. பின்னால் கையைக் கொண்டுபோக முடியாது. தலை வாரும்போது கண்ணில் தண்ணீர் வரும். நான் இடது கைக்காரி, போர்டின் மேல் பகுதியில் எழுத முடியாமல் தினமும் தேதியை ஒரு மாணவனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். இந்தத் தோள் பிடிப்பு நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் பெண்களுக்கு அதிகம் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் என் கோபம் ஊர்ப் பேச்சாகிவிட்டது. புகுந்த வீட்டில் ஒருவர் என் அம்மாவுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணுக்கு மனசு சரியில்ல போல, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். அந்த நாள் இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்திதான் என்னைத் திருச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரிப்போர்ட் கட்டை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க? அதுக்கு முன்னாடி எப்ப?" என்றார். அத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் அன்றுதான் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். 47 வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதானே?

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சினைப்பையில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. சில வருஷம் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டிவிட்டுத்தான் அடங்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதற்குப் பொறுத்துக்கொள்ளும் அளவு சுருங்கிவிடுகிறது. உடம்பு லேசாகச் சூடானாலே ஏதோ பெரிய வெக்கை என்று எடுத்துக்கொண்டு, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையைத் திறந்துவிடுகிறது. இதயம் வேகமாக அடிப்பதும் அதோடு சேர்ந்ததுதான். நீங்கள் கற்பனை செய்து ஜாக்கெட்டை நனைக்க முடியுமா?

எரிச்சல், அழுகை, மறதி இவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்தக் காலத்தில் மறுபடி வர வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 14416க்குப் போன் செய்தால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் இலவசமாகப் பேசலாம். "மனசுதான்" என்று சொல்லிக் கைகழுவுவதைத்தான் நான் குறை சொல்கிறேன், மன வைத்தியத்தை அல்ல.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். அதற்கு முன்னால் சில வருஷம் இந்தத் தடுமாற்றம் இருக்கும், நின்ற பிறகும் சூடு உடனே போகாது. அமெரிக்காவில் பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' என்ற ஆய்வில், அடிக்கடி அனல் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருஷத்துக்கும் மேல் அது நீடித்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று யாராவது சொன்னால் அதை நம்பி வைத்தியம் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நாற்பதுக்கு முன்னாலேயே நின்றுபோனால் அது தனி விஷயம், கட்டாயம் பார்க்க வேண்டும்.

எனக்கு டாக்டர் எழுதிய டெஸ்டுகள் சாதாரணமானவை. ஹீமோகுளோபின் 8.6தான் இருந்தது. 12க்குக் கீழே போனாலே பெண்களுக்கு ரத்தசோகை. மாதாமாதம் கொட்டியதில் ரத்தம் வற்றிப்போய், பாதிப் படபடப்பு அதனால்தான். தைராய்டும் பார்த்தார், ஏனென்றால் தைராய்டு கூடினாலும் இதே வியர்வை, இதே படபடப்பு வரும். "எல்லாத்தையும் மெனோபாஸ் தலையில கட்டிடக் கூடாதும்மா" என்றார். ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவில்லை. 45க்கு மேல் அறிகுறியும் பீரியட்ஸ் கணக்குமே போதும், அந்த அளவு இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று காட்டும் என்றார்.

இந்த டெஸ்டெல்லாம் மே மாதம் எடுத்தது. பள்ளி லீவில்தானே நமக்கு உடம்பைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது! ஆனால் எங்களைப் போன்ற தனியார் பள்ளி டீச்சர்களுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. பதினைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாலும் கிடையாது. பிள்ளைகளிடம் பீஸ் மட்டும் முழு வருஷத்துக்கும் வாங்குகிறார்கள். லீவிலும் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள், அதற்குப் பெட்ரோல் காசுகூட வராது. ஸ்கேனுக்கு என் தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எழுதும்போது வயிறு எரிகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூடும் வியர்வையும் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாமல் நடப்பவைதான் அதிகம் கவனிக்க வேண்டியவை. நின்ற முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் சொன்ன கணக்குப்படி மெனோபாஸ் ஆன பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. ராகிக் களி, எள்ளுருண்டை, மோர், நெத்திலி எல்லாம் நம் வீட்டுச் சாப்பாடுதான். வைட்டமின் டி, நடை, கொஞ்சம் எடை தூக்குகிற பயிற்சி இவையும் வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அதுவரை ஆண்களைவிடப் பின்னால் இருந்த மாரடைப்பு அபாயம் பெண்களுக்கும் கூடும். அதனால் பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் வருஷா வருஷம் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பிறப்புறுப்பு வறண்டு எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, இருமினால் சொட்டுவது. சூடு காலப்போக்கில் அடங்கும், இந்த வறட்சி தானாகப் போகாது. இதற்குத் தனியாகத் தடவுகிற கிரீம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். வெட்கப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற டீச்சர்களை எனக்குத் தெரியும்.

குறைகிற ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தருகிற ஹார்மோன் சிகிச்சை என்றதும் "கேன்சர் வரும்" என்று ஒருவர் வருவார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வை 2002ல் பாதியில் நிறுத்தினார்கள். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை, வருஷத்துக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேர் கூடுதல். அறுபதுக்கு உட்பட்டவர்கள், நின்று பத்து வருஷம் ஆகாதவர்கள், அனல் தாங்க முடியாதவர்கள் என்றால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்றுதான் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்த பிரச்சினை உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக்கூடாது. எனக்கு மேமோகிராம் எடுத்துவிட்டு, கையில் தடவுகிற ஜெல்லும், கர்ப்பப்பை இருப்பதால் உள்சவ்வு தடிக்காமல் இருக்க ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் தந்தார். சில வாரத்தில் அனல் குறைந்தது, தூக்கம் வந்தது. உங்களுக்கு அது தேவைப்படாமலும் போகலாம், ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன.

"எங்க பாட்டிக்கெல்லாம் இதெல்லாம் வந்துச்சா" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். என் பாட்டி நடுராத்திரி எழுந்து தொட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"தொல்லையா இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது உடனே சொன்னால் இரண்டாவது டாக்டரைப் பாருங்கள். என் அக்காவுக்கு 38 வயதில் எடுத்தார்கள், சினைப்பைகளையும் சேர்த்து. மறுவாரமே அனல் பற்றிக்கொண்டது. ஐம்பது தாண்டுவதற்குள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் வேலை கெடாமல் இருக்கக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019ல் வந்தபோது அக்கா அதைப் படித்துவிட்டு அழுதாள். எடுக்க வேண்டிய காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். காரணத்தைக் கேளுங்கள், சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

காரணத்தோடு எடுத்ததும் எங்கள் வீட்டில் உண்டு. என் நாத்தனாருக்கு நின்று நாலு வருஷம் கழித்துத் துணியில் லேசாகக் கறை பட்டது. சூடு என்று வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பிடிவாதமாகக் கூட்டிப் போனேன். ஸ்கேனில் உள்சவ்வு தடித்திருந்தது, பயாப்ஸியில் கர்ப்பப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலை. ஆபரேஷனோடு முடிந்தது, இப்போது பேரனைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். நின்று ஒரு வருஷம் ஆன பிறகு வருகிற ரத்தம் ஒரு சொட்டானாலும் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது கடைசி ஆறு மாதமாக எந்தெந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் பட்டது, ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப் போங்கள், அவர் காதாலும் கேட்கட்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

ஒன்று விட்டுப்போனது. இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றதும் நின்றுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். இந்த வயதிலும் கரு தங்கும். ஐம்பதுக்குள் நின்றால் கடைசி பீரியட்ஸிலிருந்து இரண்டு வருஷம், ஐம்பதுக்கு மேல் என்றால் ஒரு வருஷம் கருத்தடை தொடர வேண்டும்.