தடையில்லா வணிக ஒப்பந்தம் வேளாண் ஏற்றுமதியை எப்படிப் பாதிக்கிறது?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள், ஒன்று மற்றொன்றின் பொருள்களுக்கு விதிக்கும் இறக்குமதி வரியைக் குறைக்கவோ நீக்கவோ செய்துகொள்ளும் உடன்பாடே தடையில்லா வணிக ஒப்பந்தம். வரி குறைந்தால் வாங்கும் நாட்டில் விலை குறைகிறது. ஒப்பந்தத்தில் இல்லாத போட்டி நாட்டின் விளைபொருளைவிட நம்முடையது மலிவாகிறது. ஏற்றுமதி கூடுவதற்கான அடிப்படைக் காரணம் இதுதான்.

ஆனால் வேளாண்மையில் வரி பாதிக் கதைதான். நுழைவுக் கட்டணத்தை நீக்கிவிட்டு, வாசலில் சோதனையை மட்டும் அப்படியே வைத்திருக்கும் அரங்கத்தைப் போன்றது இது. பூச்சி, நோய், பூச்சிமருந்து எச்சம் பற்றிய விதிகளில் தேறாத சரக்கு வரியே இல்லாவிட்டாலும் உள்ளே போகாது. மெக்சிகோவின் அவகாடோ இதற்கு நல்ல சான்று. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான வட அமெரிக்கத் தடையில்லா வணிக ஒப்பந்தம் 1994-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், விதைவண்டு அச்சத்தால் 1914-இல் அமெரிக்கா விதித்த தடை அலாஸ்கா நீங்கலாக 1997-இல்தான் தளரத் தொடங்கியது. எல்லா மாநிலங்களும் திறக்க 2007 ஆனது. அதன் பிறகே ஏற்றுமதி பெருமளவில் உயர்ந்தது. விவசாயிக்குப் பரிசோதனைக் கூடமும் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒப்பந்தம் கையெழுத்தானால் எல்லா விளைபொருளுக்கும் உடனே வரி நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வரி பெரும்பாலும் பல ஆண்டுகளில் படிப்படியாகவே குறைகிறது, அரிசி, சர்க்கரை, பால் போன்றவை பல ஒப்பந்தங்களில் விலக்கியே வைக்கப்படுகின்றன.