பிளாக்லிஸ்ட் போட்டும் மாட்யூல் ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: லினக்ஸில் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடுவதற்காக நூவோ மாட்யூலை (அதே கார்டுக்கான திறந்த மூல டிரைவர்; மாட்யூல் என்பது லினக்ஸின் மையமான கர்னலில் தேவைப்படும்போது ஏறும் துண்டு) பிளாக்லிஸ்ட் செய்து, அதாவது ஏற வேண்டாம் என்று குறித்து, ஒரு கோப்பு எழுதினேன். ரீபூட் செய்த பிறகும், ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் நூவோ இருக்கிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் உங்கள் கோப்பில் தப்பு இருக்காது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கணினி பூட் ஆகும்போது உங்கள் ரூட் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்பே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன இமேஜ் நினைவகத்தில் ஏறிவிடுகிறது. அதற்குள் சில மாட்யூல்களும், அந்த இமேஜ் தயாரான நாளில் இருந்த மாட்ப்ரோப் (மாட்யூல்களை ஏற்றும் கட்டளை) அமைப்புகளின் நகலும் இருக்கும். நீங்கள் இன்று எழுதிய வரி அதில் இல்லை, அதனால் நூவோ அங்கேயே ஏறிவிடுகிறது, உங்கள் கோப்பைப் படிக்கும் நேரம் வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

ஆகவே இமேஜைத் திரும்பக் கட்டுங்கள். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை யு தெரிவோடும், ஃபெடோராவில் டிராகட்டை எஃப் தெரிவோடும் ரூட்டாக ஓட்டினால் போதும். அதற்கு முன் கோப்பின் பெயர் டாட் கான்ஃப் என்று முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள், முடியாவிட்டால் மாட்ப்ரோப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாட்ப்ரோப்பை சி தெரிவோடு ஓட்டினால் அது படித்து வைத்திருக்கும் மொத்த அமைப்பும் திரையில் வரும், உங்கள் வரி அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பிளாக்லிஸ்ட் வரி ஒரு மாட்யூலை முழுசாகத் தடுப்பதில்லை. ஒரு வன்பொருள் கண்ணில் பட்டதும் அதன் அடையாளத்தை வைத்து யூடெவ் என்ற பின்னணிச் சேவை தானாக மாட்யூல் தேடுகிறதே, அந்தத் தேடலில் மட்டும் அது விலக்கப்படும். யாராவது பெயர் சொல்லி மாட்ப்ரோப் செய்தாலோ, வேறொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ தாராளமாக ஏறும். அதையும் அடைக்க வேண்டுமென்றால் அதே கோப்பில் இன்ஸ்டால் என்று தொடங்கி, மாட்யூல் பெயர், பின் (bin) டைரக்டரியில் உள்ள ஃபால்ஸ் நிரல் என்று ஒரு வரி எழுதலாம். ஆனால் அதைச் சார்ந்த மற்ற மாட்யூல்களும் அப்போது ஏறாமல் போகும், எல்எஸ்மாட்டின் கடைசிப் பத்தியில் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மாட்யூல் கோப்பை நேரடியாக ஏற்றும் இன்ஸ்மாட் கட்டளை இந்தக் கோப்புகள் எதையும் படிப்பதே இல்லை. அதையும் தடுக்கும் வழி க்ரப் என்ற பூட் லோடரில் கர்னல் வரியில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட் சமம் நூவோ என்று சேர்ப்பது, அங்கே கர்னலே மறுத்துவிடும்.

நூவோவை நிறுத்துவதற்கு முன் புது டிரைவர் சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், தயவுசெய்து. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காது, நூவோவும் இல்லாமல் புதியதும் ஏறாமல் வரைகலைத் திரையே வராமல் போகலாம். அப்படி ஆனால் பதற வேண்டாம், க்ரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி கர்னல் வரியைத் திருத்தலாம், நீங்கள் அங்கே சேர்த்ததை அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் எடுத்துவிடலாம். கோப்பில் எழுதியதற்கு டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்து வரியை நீக்கி இமேஜை மறுபடி கட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்து ரீபூட் ஆனதும் எல்எஸ்பிசிஐ கட்டளையை கே தெரிவோடு ஓட்டுங்கள், கிராபிக்ஸ் கார்டின் கீழே இப்போது எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று அதுவே காட்டும்.